கீபோர்டில் எரிந்த விளக்கு

அக்காவின் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுக்கொடுத்தவன் நான்தான். வயதான பெட்டி, புதிய விண்டோஸைத் தாங்காது. "இதைப் போட்டா இன்னும் பத்து வருசம் ஓடும்க்கா" என்று பீற்றிக்கொண்டேன். அறந்தாங்கியில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் தம்பி சொன்னால் அவள் மறுபேச்சுப் பேசமாட்டாள்.

அக்கா பொன்னமராவதியில் ஆசிரியை. தவக்காலத்தில் ஏசுவின் பாடுகளை நடித்துக்காட்டும் பாஸ்கா நாடகங்களைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்தாள். சனி ஞாயிறுகளில் ஆவூர்ப் பக்கம் பஸ் ஏறிப்போய், பாடத் தெரிந்தவர்களிடம் பாட்டுகளைக் கேட்டு எழுதிவந்து, நாலு வருடம் அந்தப் பெட்டியில் டைப் செய்தாள். டைப் செய்து முடித்த தாள்களைக் கிழித்துப்போட்டுவிடுவாள். சமர்ப்பிக்க இரண்டே மாதம் இருந்தது.

எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குச் சாப்பிடப் போனவன், சிஸ்டத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றினேன். மறுபடி ஆன் செய்தபோது திரை கறுப்பாகவே நின்றது. நான் கேபிளைப் பிடுங்கிச் சொருகிக்கொண்டிருந்தேன். அக்கா கீபோர்டைத் தட்டிப் பார்த்தாள்.

"டேய், இங்கிட்டுப் பாரு. இந்த நம்பர் லாக்க அமுக்குனா லைட்டு எரியுது, திரும்ப அமுக்குனா அணையுது. உள்ள உசுரு இருக்குடா."

"லைட்டு எரிஞ்சா போதுமாக்கா? அப்ப டார்ச்சுலயே தீசிஸ் அடிச்சிருக்கலாமே?"

அவளும் சிரித்தாள்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. படம் வரவில்லையென்றால் காரணம் தேடிக்கொண்டிருக்கமாட்டோம். பெட்டியில் இருப்பதை மொத்தமாக அழித்துவிட்டுச் சிஸ்டத்தைப் புதிதாகப் போட்டுவிடுவோம். "பென் டிரைவுல காப்பி இருக்குல்ல?" என்று கேட்டேன். இருக்கிறது என்றாள். எத்தனை அத்தியாயம் என்று நான் கேட்கவில்லை. இரண்டுதான் இருந்தன.

அப்படியே அழித்துப் போட்டேன், அரை மணி நேரத்தில் படம் வந்தது. மற்ற ஆறு அத்தியாயங்களும் பாட்டுகளும் போய்விட்டன. என்னென்னவோ போட்டுத் தேடியும் துண்டு துக்கடாவாகத்தான் கிடைத்தது. "சிஸ்டம் கெட்டப்பவே எல்லாம் அழிஞ்சிருக்கும்க்கா" என்றேன். அன்று அதை நானும் நம்பினேன்.

அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திரும்ப ஆவூர்ப் பக்கம் போனாள். பாடியவர்களில் இரண்டு பேர் இறந்திருந்தார்கள். பட்டத்தையே விட்டுவிட்டாள். சொந்தக்காரர்கள் யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு, பாவம் அவன் என்ன செய்வான்?" என்பாள்.

போன வருடம் கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அதே மாதிரிப் பழைய பெட்டி, அதே கறுப்புத் திரை. என்னவோ தோன்றி நம்பர் லாக்கை அமுக்கினேன். விளக்கு எரிந்தது, அணைந்தது. அப்படியென்றால் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, திரைக்குத்தான் வரவில்லை. போனில் தேடிப் படித்து, பெட்டி கிளம்பும்போது வரும் கட்டளை வரியில் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தேன். திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. பழைய டிஸ்ப்ளே கார்டில் படம் காட்டப் புதிய பதிப்புக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஃபைல்கள் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன.

அங்கிருந்து நேரே பொன்னமராவதிக்குப் போனேன். அக்கா பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு ஒண்ணும் கெடலக்கா. நான்தான் அழிச்சேன்" என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப உள்ள உசுரு இருக்குன்னு நான் சொன்னது சரிதானேடா?"

"ஆமாக்கா."

அடுத்த பேப்பரை எடுத்துத் திருத்த ஆரம்பித்தாள். "வாரேன்க்கா" என்று செருப்பை மாட்டினேன். அந்த வீட்டிலிருந்து சாப்பிடாமல் என்னை அவள் அனுப்பியது அன்றுதான் முதல் தடவை.