ஆலை வளைவில் இரண்டரை மீட்டர்

அளவைச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டே மாவட்டம் முழுக்க நடந்ததால் அலுவலகத்தில் அவருக்குச் ‘சக்கரம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஊர்களை இணைக்கும் சைக்கிள் பாதைகளுக்கும் நடைபாதைகளுக்கும் இடம் அளந்து கொடுப்பது அவர் வேலை. பாதைத் திட்டம் தொடங்கிய ஐந்தாவது வருஷம் அந்த வேலை சிமென்ட் ஆலை வளைவுக்கு வந்து சேர்ந்தது. ஷிப்டுக்கு சைக்கிளில் போன அவருடைய தம்பியை லாரி அடித்துப் போட்ட இடம் அது.

“சார், நீங்க ஜீப்லயே உக்காருங்க. இத நான் அளந்துடறேன்,” என்றார் கூட வந்த பெண் பொறியாளர்.

“பரவால்லம்மா. நான் சொல்றத எழுதிக்குங்க.”

லாரிகள் காதைக் கிழித்துக்கொண்டு போயின. நெஞ்சை அடைக்கும் என்று எதிர்பார்த்துத்தான் இறங்கினார். ஒன்றும் அடைக்கவில்லை.

“அகலம் ரெண்டரை மீட்டர். ரோட்டுக்கும் பாதைக்கும் நடுவுல சுவர் வேணும். வெறும் கோட்டப் போட்டு ஒப்பேத்தக் கூடாது,” என்றார். எல்லா வளைவுகளிலும் பேசும் அதே குரல்தான்.

மறுவருஷம் பாதையைத் திறந்தார்கள். எல்லாரும் கைதட்ட, அவரும் தட்டினார். அன்று மாலை வீட்டு வாசலில் தம்பி மகள் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“பெரியப்பா, நாளைலேர்ந்து காலேஜுக்கு அந்த வழியா போகட்டுமா? அம்மா உங்களக் கேக்கச் சொன்னாங்க.”

சுவரின் உயரம் அவருக்கு மனப்பாடம்.

“போம்மா. இடது பக்கமாவே போ.”

உள்ளே போய்க் கைகால் கழுவினார். பசிக்கிறதா என்று தம்பி மனைவி கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. தட்டின் முன் உட்கார்ந்துகொண்டார்.