பதினொரு சைக்கிளும் ஒரு பரஸ்தானமும்: மாட்டுங்காவிலிருந்து முலுண்ட் வரை

சென்ற தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் பதினொரு பேர் மாட்டுங்காவிலிருந்து முலுண்டுக்குச் சைக்கிளில் போய்த் திரும்பினோம். போக வர இருபத்துநாலு மைல். இமயமலையை ஏறி இறங்கியவர்களின் தொடைகளுக்கும் என் தொடைகளுக்கும் இன்று யாதொரு வித்தியாசமும் இல்லை. உங்களில் யாருக்காவது இப்படிக் கூட்டமாகக் கிளம்பும் உத்தேசம் இருந்தால் உபயோகப்படட்டும் என்று எழுதுகிறேன்.

காரணம் பெரிதல்ல. யுத்தம் முடிந்தும் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு தீரவில்லை. சாலையில் மோட்டார்கள் குறைவு. சைக்கிள்காரனுக்கு இது ராம ராஜ்யம். மேலும், ஆபீஸ் நாற்காலியில் இருபது வருஷம் உட்கார்ந்ததில் எனக்கும் நாற்காலிக்கும் கால்கள் தனித்தனி என்பதே மறந்துபோயிருந்தது. வயலும் மரமும் பார்த்து வரலாம் என்று கட்டிடத்தில் நாலு பேரிடம் சொன்னேன். ஒரே வாரத்தில் ஒரு சைனியம் திரண்டுவிட்டது. சேனாதிபதி யார் என்று கேட்க வேண்டியதில்லை.

சைனியத்தில் பெரும்பாலோர் என்னைப் போன்ற குமாஸ்தாக்கள். இருவரை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஒருவர் மீரான், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தாராவியில் தோல் பட்டறை வைத்திருக்கிறார். என் சைக்கிள் சீட்டுக்குத் தோல் மாற்றப் போன இடத்தில் ஏற்பட்ட சிநேகம். இன்னொருத்தி லலிதா. கீழ்வீட்டு வைத்தாவின் பெண். செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். பஸ்ஸை நம்பினால் பாதி நாள் முதல் மணி அடித்த பிறகுதான் போய்ச் சேர முடியும் என்பதால், சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு பழைய லேடீஸ் சைக்கிள் வாங்கியிருந்தாள். சைக்கிள் வந்த நாளிலிருந்து வைத்தாவுக்கு அது கண்ணில் விழுந்த தூசி. பெண்பிள்ளை மாட்டுங்கா வீதியில் மணியடித்துக்கொண்டு போவதா என்று என்னிடமே நூறு தடவை புலம்பியிருக்கிறான்.

அவளையும் அனுப்பு என்று கேட்கப் போனேன். வைத்தா அரை மணி நேரம் விட்டத்தைப் பார்த்தான். பிறகு மனைவி கமலத்தையும் பெண்ணையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னான்.

"போகட்டும். ஆனா ஆத்துல விளக்கேத்தறதுக்குள்ள, அதே சைக்கிள்ல, தானே மிதிச்சுண்டு வந்து சேரணும். இல்லேன்னா மூணாம் மாடி நாயர் கேட்டுண்டே இருக்கார். திங்கட்கிழமை கார்த்தால கொடுத்துடுவேன்."

"சரிப்பா" என்றாள் லலிதா. சைக்கிள் போனால் செம்பூர் வேலையும் ஒரு மாதத்தில் போய்விடும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். கமலம் உள்ளே போனாள்.

அடுத்த சங்கடம் பஞ்சாங்கத்திலிருந்து வந்தது. நாங்கள் குறித்த ஞாயிறு அஷ்டமி. அஷ்டமியில் பிரயாணம் கிளம்பினால் பதினொரு பேரில் பத்துப் பேர்தான் திரும்புவார்கள் என்கிற மாதிரி வைத்தா பேசினான். வழக்கமான பரிகாரம் உண்டு: பரஸ்தானம். கிளம்பும் நாள் சரியில்லை என்றால், முந்தின நாள் நல்ல வேளையில், கூடக் கொண்டுபோகிற சாமான் ஒன்றைப் போகிற திசையில் வேறொருவர் வீட்டில் வைத்துவிட வேண்டும். பிரயாணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் அதை எடுத்துக்கொண்டு மேலே போகலாம்.

எந்தச் சாமான் என்று ஆலோசனை நடந்தது. சைனியத்தின் உயிர் எதுவோ அதைத்தான் வைக்க வேண்டும் என்று சேனாதிபதி முழங்கினார். எல்லோரும் ஆமோதித்தார்கள். அப்படியாக எங்களிடம் இருந்த ஒரே பம்பு, பஞ்சர் ஒட்டும் ரப்பர், சொல்யூஷன், ஸ்பானர் எல்லாம் அடங்கிய கான்வாஸ் பை, சனிக்கிழமை காலை வைத்தாவின் கையாலேயே சயானில் அவன் அத்தங்கா, அதாவது மூத்த அத்தை பெண், வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். சொந்தச் சைக்கிள் இல்லாதவர்கள் ஸ்டேஷன் பக்கத்தில் வாடகைக்கு எடுத்தார்கள்; நாளுக்குப் பன்னிரண்டு அணா, பிரேக் இருந்தால் அதிர்ஷ்டம். ஆறரைக்குச் சயான். அத்தங்கா மாமி வாசலிலேயே பதினொரு டம்ளர் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். ரேஷன் காலத்தில் அப்படி ஒரு காப்பி தேவேந்திரனுக்குக்கூடக் கிடைத்திருக்காது. குடித்தோம், புகழ்ந்தோம், மணியடித்தோம், புறப்பட்டோம். பரஸ்தானப் பை என்பதால் மாமி அதை மரியாதையாகக் குங்குமமிட்டு ஸ்வாமி அலமாரிக்குள் வைத்திருந்தாள். வாசலில் செருப்புக் காலோடு நின்ற எங்கள் கண்ணில் அது படவில்லை. பரஸ்தானம் வைத்தாகிவிட்டது என்ற நிம்மதியில், திரும்ப எடுக்க வேண்டும் என்ற நினைப்பு பதினொரு மண்டையிலும் எழவில்லை.

குர்லா தாண்டும்வரை ஆலைப் புகை. காட்கோபருக்குப் பிறகு ஆக்ரா ரோடு வேறு முகம் காட்டுகிறது. இடது பக்கம் குன்றுகள், வலது பக்கம் அறுவடையான வயல்கள், விக்ரோளி அருகே உப்பளங்கள். எருமைகள் சாலையைச் சொந்தப் பாட்டன் சொத்தாக நினைத்துக் குறுக்கே நிற்கும். மணியடித்துப் பிரயோஜனமில்லை, இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். ஒன்பதரைக்கு முலுண்ட். புதிதாக வகுத்த நேரான தெருக்களும் பங்களாக்களும் ஒரு பக்கம், அதைத் தாண்டி மலையடிவாரத்தில் மாந்தோப்பு. அங்கே கிணற்றுத் தண்ணீர் தித்திக்கும். புளியோதரையும் தயிர் சாதமும் சாப்பிட்டோம். மீரான் கொண்டுவந்த பேரீச்சம்பழத்தை நான் மட்டும் ஒரு வண்டி தின்றேன்.

இரண்டு மணிக்குத் திரும்பக் கிளம்பினோம். பாண்டுப்பைத் தாண்டி ஒரு மைல்கூட இராது. லலிதாவின் பின்சக்கரத்தில் கருவேல முள் ஏறியது. டியூப் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்துவிட்டது. பையை எடுங்கள் என்றேன். எல்லோரும் எல்லோரையும் பார்த்தோம். அத்தனை மைலுக்கு அப்பால் சயானில் மாமி விளக்குக்கு நெய் விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"என்னவே ஐயரே, பம்பைச் சாமிக்குப் படைச்சுட்டு வந்திருக்கீரு" என்றார் மீரான்.

ஒருவர் பாண்டுப்புக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தார். அங்கிருந்த ஒரே சைக்கிள் கடைக்காரர் கல்யாணத்துக்குத் தாணாவுக்குப் போயிருந்தார். எங்கள் சக்கரங்களில் ஒன்றைக் கழற்றி மாட்டலாம் என்றால், எங்களுடையவை இருபத்தெட்டு அங்குலம், அவளுடையது இருபத்தாறு. சைக்கிளை ரயிலில் சாமான் ஏற்றும் பிரேக் வண்டியில் ஏற்றிவிடலாம், அப்பாவிடம் நான் பேசுகிறேன் என்றேன்.

"வேண்டாம் மாமா. சைக்கிளை ரயில் சுமந்துண்டு வந்ததுன்னா, அப்பா கேட்கவே வேண்டாம், நானே நாயர்கிட்ட கொடுத்த மாதிரி" என்றாள் லலிதா. அவள் சாலையைப் பார்க்கவில்லை, சூரியனைப் பார்த்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவள் மனதைத் தேற்றுவதற்காக வாய்க்கு வந்ததை அடித்துவிட்டேன். நான் வாலிபத்தில் பாலக்காட்டிலிருந்து கோயம்புத்தூர் வரை டியூபே இல்லாமல், டயருக்குள் வைக்கோலைத் திணித்துக்கொண்டு ஒரே மூச்சில் போனதாகவும், வழியில் ஒரு யானையை முந்தியதாகவும் சொன்னேன். வாலிபத்தில் என்னிடம் சைக்கிளே கிடையாது. இம்மாதிரி கதைகளை என் சொந்த மனைவி இருபது வருஷமாக நம்பியதில்லை.

லலிதா திரும்பிப் பக்கத்து வயலைப் பார்த்தாள். அங்கே வைக்கோல் போர் இருந்தது. "எவ்வளவு இறுக்கமாத் திணிக்கணும் மாமா?" என்று கேட்டாள்.

இனி பின்வாங்க முடியாது. கல் மாதிரி இறுக்கமாக என்றேன், யானையைப் பார்த்தவன் தோரணையில். வயல்காரரிடம் வைக்கோல் கேட்டோம். மராத்தியில் அவர், பம்பாய்ச் சைக்கிள்கள் வைக்கோல்கூடத் தின்னுமா, பால் எவ்வளவு கறக்கும் என்று விசாரித்துவிட்டு இரண்டு கட்டு கொடுத்தார். தயிர் சாதக் கரண்டிகளின் காம்பால் நெம்பி டயரைக் கழற்றினோம். மீரானும் லலிதாவும் வைக்கோலைப் பிரியாக முறுக்கித் தர, மற்றவர்கள் திணித்தோம். முதல் தடவை அரை பர்லாங்கில் சப்பென்று உட்கார்ந்துவிட்டது. பிரித்து, வைக்கோலை நனைத்து, இன்னும் தடியாக முறுக்கித் திணித்தோம். கிளம்பும்போது மணி நாலு.

சக்கரம் உருண்டது. உருண்டது என்பது உபசார வார்த்தை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு குதி. மற்றவர்களை முன்னால் போகச் சொல்லிவிட்டு நானும் மீரானும் அவளோடு வந்தோம். காட்கோபர் மேட்டில்கூட அவள் இறங்கவில்லை. என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய் ஒன்று நிஜமாகிக் கண்ணெதிரே ஓடுவதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பயமாகக்கூட இருந்தது.

ஐந்தே முக்காலுக்குச் சயான். பையை வாங்கிப் பஞ்சர் ஒட்டிவிடலாம் என்று மாமி வீட்டில் நின்றோம். மாமி கடிகாரத்தைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம். ஸ்வாமிகிட்ட வெச்சதை இப்போ எடுக்கப்படாது, கால் மணி உட்காருங்கோ, காப்பி கலக்கறேன் என்றாள். கால் மணியும் பஞ்சர் ஒட்டும் நேரமும் எங்களிடம் இல்லை. காப்பியையும் மறுத்துவிட்டு ஏறினோம். மாட்டுங்கா பிராமணன் காப்பியை மறுத்தது சரித்திரத்தில் அது ஒன்றுதான்.

கட்டிட வாசலுக்கு வந்தபோது சூரியன் மறைந்துவிட்டிருந்தது. எதிர்ச்சாரி ஜன்னல்களில் எல்லாம் வெளிச்சம். லலிதா இறங்கி, சைக்கிளைப் பிடித்தபடி தன் வீட்டைப் பார்த்தாள். டயர் ஓரத்தில் வைக்கோல் மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

வைத்தாவின் வீடு மட்டும் இருட்டாக இருந்தது. வாசற்படியில் நின்றவன் சைக்கிளைப் பார்த்தான், டயரை அமுக்கிப் பார்த்தான், ஒரு வைக்கோலை உருவிப் பார்த்தான். பிறகு உள்ளே திரும்பி, மணி ஆறரை ஆகப் போகிறது, ஏன் இன்னும் விளக்கேற்றவில்லை என்று கேட்டான்.

உள்ளேயிருந்து கமலத்தின் குரல் வந்தது. "திரி திரிச்சிண்டிருக்கேன்."

"ஒரு திரிக்கு இவ்வளவு நேரமா?"

"அவ வந்துட்டாளா?"

"வந்துட்டா."

தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. வைத்தா உள்ளே எரிகிற விளக்கைப் பார்த்தான். பிறகு லலிதாவிடம், சைக்கிளை மழையில் நனையாதபடி மாடிப்படிக்கு அடியில் வை என்றான். தை மாதத்தில் பம்பாயில் மழை ஏது என்று நான் கேட்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில யோசனைகள். முலுண்டுக்குக் காலை எட்டு மணிக்குள் பாதித் தூரம் தாண்டிவிடுங்கள். வெயில் தாழ்ந்து திரும்புவதாக இருந்தால் விளக்கு அவசியம், போலீஸ்காரர் பிடிப்பார். விக்ரோளியில் உட்காராதீர்கள், கொசுக்கள் குருவி அளவு. பரஸ்தானம் வைப்பதானால் துண்டோ தொன்னையோ வையுங்கள். வைக்கோலை நனைத்துத் திணியுங்கள். ஒன்பது பத்து மைல் தாங்கும், அதற்குமேல் எனக்குத் தெரியாது. மறுநாள் காலை லலிதா அதே வைக்கோலோடு சயான் வரை மிதித்துப் போய், பையை வாங்கி, டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டு செம்பூருக்குப் போனாள். முதல் மணிக்கு முன்னால் போய்விட்டாளாம்.