ஸ்பீக்கரில் கேட்க முடியாத கேள்வி

என்னோடு பால் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்யும் கிர்ஸ்டனுக்கு அவள் அம்மாவிடமிருந்து போன் வந்தால், சாப்பாட்டு மேசையை விட்டு எழுந்து வெளியே போய்விடுவாள். மழை பெய்தாலும் போவாள். டென்மார்க்கின் இந்தத் துறைமுக ஊரில் மழை பெய்யாத நாள்தான் குறைவு. கோட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்று பேசுவாள். அம்மாவோடு அப்படி என்ன ரகசியம் என்று வந்த புதிதில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஒரு நாள் கேட்டே விட்டேன். "ரகசியம் ஒன்றும் இல்லை. அவள் என்னோடு பேசத்தானே கூப்பிட்டாள், உங்களோடு இல்லையே" என்றாள். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஏனென்றால் கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் வீட்டில் வெளிநாட்டுப் போன் வந்தால் அது பொதுச்சொத்து. நான் கூப்பிடுவது அம்மாவின் எண்ணுக்கு, எடுப்பவன் அண்ணன். எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டு டீப்பாய் மேல் வைத்துவிடுவான். அண்ணி தையல் மிஷினை நிறுத்துவாள், டிவி சத்தம் குறையும், மாடியில் குடியிருப்பவர்கள் அந்த நேரம் வந்திருந்தால் அவர்களும் ஒரு வார்த்தை பேசுவார்கள். "குளுரு ஜாஸ்தியா?" "இன்னா சாப்ட?" கடைசியில் எங்கோ சுவரோரத்திலிருந்து அம்மாவின் குரல் வரும்: "எனக்கு இன்னா பாப்பா, நல்லாத்தான் இருக்கேன்." ஆறு வருடமாக இதே வாக்கியம். இந்த ஆறு வருடத்தில் நானும் அம்மாவும் மட்டும் இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல் பேசியதில்லை. அது பாசம் இல்லை என்று நான் சொல்லவில்லை, பாசம்தான். ஆனால் அந்தப் பாசத்துக்கு நடுவில் ஒரு கேள்வி கேட்க முடியாது.

எனக்கு ஒரு கேள்வி இருந்தது. சிதம்பரத்தில் அம்மாவின் பெயரில் ஒரு ஓட்டு வீடு இருக்கிறது, அவள் அப்பா எழுதிவைத்தது. குடியிருந்தவர்கள் காலி செய்த பிறகு அதை விற்றுவிடலாம் என்று அண்ணன் முடிவு செய்தான். அடுத்த வெள்ளிக்கிழமை பத்திரப்பதிவு, அம்மா கையெழுத்துப் போட வேண்டும். ஸ்பீக்கரில் கேட்டேன். "போட்டுடறேன், அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். அப்படிச் சொன்ன அதே அம்மா, மாதம் இரண்டு முறை அண்ணியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போய் அந்தக் காலி வீட்டைக் கூட்டித் துடைத்துவிட்டு வருகிறாள். விற்கப்போகிற வீட்டை எவளாவது கழுவி விடுவாளா?

வாட்ஸ்அப்பில் கேட்டால் போகிறது என்பீர்கள். அம்மாவின் வாட்ஸ்அப் அண்ணனுடைய பைப்புக் கடைக் கம்ப்யூட்டரிலும் திறக்கும். "அம்மாவுக்குக் கண்ணு தெரியல, நான் படிச்சிச் சொல்லுவேன்" என்று அவனே இணைத்து வைத்திருக்கிறான். என் கதையும் அதுதான். சிதம்பரத்தில் நான் படிக்கச் சேர்ந்தபோது என் மின்னஞ்சல் கணக்கைத் திறந்து கொடுத்தவன் அவன். பாஸ்வேர்டு அவன் பெயரும் பிறந்த வருடமும். அதே கணக்கோடு விமானம் ஏறினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கரில் கேட்டான்: "நேத்து அந்தக் கடலோர ஊருல ஒனக்கு இன்னா வேல?" அந்தக் கணக்கைத் திறந்து என் போன் போன இடமெல்லாம் பார்த்திருக்கிறான். கூட வேலை செய்பவர்களோடு மீன் சாப்பிடப் போயிருந்தேன், வேறொன்றுமில்லை. ஆனால் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்த வாரமே பழைய கணக்கைத் தலைமுழுகினேன். அதை நடத்தும் பெரிய கம்பெனியின் செயலிகள் எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிட்டு, தனியுரிமைக்கென்றே எழுதப்பட்ட ஓர் இயங்குதளத்தை என் போனில் ஏற்றினேன். "அப்படி இன்னாத்த மறைக்கிற?" என்று அண்ணன் கேட்டான். நீங்களும் கேட்பீர்கள், தெரியும். ஒன்றையும் மறைக்கவில்லை ஐயா. என்னுடையதை என்னிடம் வைத்துக்கொள்கிறேன். இரண்டும் ஒன்றென்று நினைப்பவர்களிடம் வாதாட எனக்குத் தெம்பில்லை.

அந்த வீட்டில் அண்ணன் எட்டிப்பார்க்காத இடம் ஒன்றே ஒன்று: அம்மாவின் போனில் உள்ள மெசேஜ் பெட்டி. கேஸ் சிலிண்டர், கரண்ட் பில், கடன் வேண்டுமா என்று கெஞ்சும் விளம்பரம் எல்லாம் அதில்தான் கிடக்கும். சிலிண்டர் எப்போது வருகிறது என்று பார்க்க அம்மா மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திறப்பாள். நான் எஸ்எம்எஸ் அனுப்பினால் அவளுக்குப் போகும். ஆனால் வெளிநாட்டுக்குப் பதில் அனுப்பும் வசதி அவள் சிம்மில் இல்லை, அதைப் போட்டுக் கொடுக்க வேண்டியவனும் அண்ணன்தான். இப்போது ஆர்சிஎஸ் என்று அதே பெட்டியைப் புதுப்பித்திருக்கிறார்கள். நெட் இருந்தால் போதும், நீளமாக எழுதலாம், படம் போகும், நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டியும் போகும். அம்மாவின் போனில் அது தயாராக இருந்தது. என் போன்தான் முரண்டு பிடித்தது.

அது வேலை செய்ய அந்தப் பெரிய கம்பெனியின் மெசேஜ் செயலி வேண்டும், அதன் பின்னணிச் சேவையும் வேண்டும். நான் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியவனையே கூப்பிட்டு உள்ளே உட்காரவைக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? பல்லைக் கடித்துக்கொண்டு வைத்தேன். இந்த இயங்குதளத்தில் ஒரு நல்லது, யாரையும் கூண்டுக்குள் வைத்தே வேலை வாங்கலாம். இருப்பிடம் கிடையாது, படங்கள் கிடையாது, என் தொடர்புப் பட்டியலைத் தொடக்கூடாது. அதுவும் பதிலுக்கு மூன்று நாள் 'சரிபார்க்கிறது' என்று சுற்றிக்கொண்டே இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் போனைத் திட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்துக் கிர்ஸ்டன் தணிந்த குரலில் கேட்டாள், "உன் கணவரிடமிருந்து ஒளிகிறாயா?"

"எனக்குக் கணவரே இல்லை. அண்ணனிடமிருந்து" என்றேன். அவ்வளவுதான், அவள் முகம் வெளுத்துவிட்டது. மறுநாள் காலை என் மேசையில், அடிபடும் பெண்களுக்கான உதவி எண் எழுதிய துண்டுச் சீட்டு இருந்தது. எங்கள் அண்ணன் அடிக்கிறவன் இல்லையம்மா, அன்பாலேயே ஆளை நகரவிடாமல் செய்கிறவன் என்பதை டேனிஷ் மொழியில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நன்றி சொல்லிச் சீட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

கோளாறு இதுதான்: சிம்மின் அடையாளத்தைப் பார்க்க அந்தச் சேவைக்கு அனுமதி மறுத்திருந்தேன். எண் என்னுடையதுதான் என்று அதற்கு எப்படித் தெரியும்? சரி, அதை மட்டும் பார்த்துத் தொலை என்று விட்டேன். பெட்டி திறந்துகொண்டது. பத்திரப்பதிவுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. சாப்பாட்டு மேசையிலிருந்தே, "அம்மா, இதுல எழுது. நான் மட்டும்தான் படிப்பேன். அந்த வீட்ட விக்க ஒனக்கு மனசு இருக்கா?" என்று அனுப்பினேன்.

எதிராளி எழுதிக்கொண்டிருந்தால் இதில் மூன்று புள்ளிகள் துள்ளும். புள்ளிகள் வந்தன, நின்றன, மறுபடி வந்தன. கிர்ஸ்டன் சாப்பிட்டு முடித்து எழுந்து போய்விட்டாள், என் சோறு ஆறிவிட்டது. ஸ்பீக்கரில் என்ன கேட்டாலும் அம்மா உடனே பதில் சொல்லிவிடுவாள். அவள் யோசிப்பதை நான் பார்த்ததே இல்லை. இருபது நிமிடம் கழித்து வந்தது:

"மனசு இல்ல பாப்பா. போட மாட்டேன். நான் அங்க போயி இருக்கப்போறேன்."

சந்தோஷத்தில் மேசையை ஓங்கித் தட்டினேன். உடனே எழுதினேன்: "அங்க தனியா எதுக்கும்மா? இங்க வந்துடு. ஒனக்குன்னு ரூம் ரெடியா இருக்கு." பொய்யில்லை. கட்டில் வாங்கி, கம்பளி வாங்கி, அவளைக் கேட்காமலே எல்லாம் செய்து வைத்திருந்தேன். இந்த முறை புள்ளிகள் சீக்கிரமே நின்றன.

"அங்கயும் வரல. அவன் வூட்ல அவன் சொல்றத கேக்கணும். ஒன் வூட்ல நீ சொல்றத கேக்கணும். ரெண்டும் ஒண்ணுதான்டி."

புதன்கிழமை போன் செய்தபோது, கையெழுத்துப் போட மாட்டேன், சிதம்பரத்துக்கே போகிறேன் என்று அம்மா எல்லோர் முன்னாலும் சொன்னாள். அண்ணன் என் மேல் பாய்ந்தான். "நீதான் ஏத்தி வுட்டியா?"

"ஏத்தி வுடல. கேட்டேன். நீ ஒரு தடவையாச்சும் அவள கேட்டியா?"

அவன் கெட்டவன் இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே, கடை வண்டியில் அம்மாவின் பெட்டியையும் கட்டிலையும் ஏற்றிக்கொண்டு போய்ச் சிதம்பரத்தில் இறக்கிக் கொடுத்தவனும் அவன்தான்.

போன வாரம் அம்மா அந்த மெசேஜ் பெட்டியில் ஒரு படம் அனுப்பினாள். வாசல் கதவு, அதில் பளபளவென்று ஒரு புதுப் பூட்டு. கீழே எழுதியிருந்தாள்: "கடக்காரன் மூணு சாவி குடுத்தான். அண்ணன் ஒண்ணு கேட்டான், குடுக்கல. நீயும் கேக்காத. வர்றதா இருந்தா ரெண்டு பேரும் சொல்லிட்டு வாங்க, தொறந்து வுடறேன்."

எனக்கு வந்த கோபத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். இவளுக்காகத்தானே மூன்று நாள் அந்தப் போனோடு மல்லுக்கட்டினேன், எனக்கே சாவி இல்லையா? அவளுக்கென்று வாங்கிப்போட்ட கட்டிலில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். அழுது முடித்தபோது, இந்தப் பெண்பிள்ளைக்கு இவ்வளவு துணிச்சலா என்று பெருமையாகவும் இருந்தது. இந்த ஊரில் என் கையில் இருப்பது வாடகை வீட்டுச் சாவி. என் ஊரில், தட்டிவிட்டு நிற்க ஒரு கதவு இருக்கிறது. "சரிம்மா, சொல்லிட்டே வர்றேன்" என்று அனுப்பினேன். படித்துவிட்டாள் என்ற குறி மட்டும் வந்தது. அவளுக்கு வேலை இருந்திருக்கும்.