மொண்டே, தண்ணி எங்க?

பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே வுயெல்வா ஒரு காலைச் செருப்பிலிருந்து விடுவித்து, மேடைப் பலகையில் தேய்த்து, மறுபடி நுழைத்துக்கொள்வார். அடுத்த இடைவெளியில் மற்றக் கால். வாரம் ஐந்து நாள் க்ளினிக்கில் சீட்டு எழுதும் அறுபத்தொரு வயதுப் பெண்மணிக்குக் கால் வலிக்கக் கூடாது என்று சட்டமில்லை. நியூ பிரைட்டன் ஊரின் ஜாஸ் ரசிகர்களோ அதையும் தாளமென்றே எடுத்துக்கொள்கிறார்கள். முன்வரிசையில் சிலர் பயபக்தியோடு தாங்களும் காலைத் தேய்ப்பதுண்டு.

அவருடைய களைப்புக்கெல்லாம் மூலம் ஒரு ஆல்பம். இருபத்திரண்டு வருடம் முன்பு, கடற்கரை மைதானத்தில் நடந்த இசை விழாவில் நேரடியாகப் பதிவானது. அதில் ஐந்தாவது பாட்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. முதல் இரண்டு சரணம் வுயெல்வா எழுதியவை. மூன்றாவது, டபுள் பாஸ் என்ற ஆளுயரத் தந்தி வாத்தியம் வாசிக்கும் கணவர் மொண்டே, கல்யாணத்துக்கு முன் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்புறம் எழுதிக் கொடுத்தது. அந்தச் சரணத்தில்தான் பஸ் வரும். அன்றைய வெயிலில் வுயெல்வாவுக்குத் தொண்டை வறண்டது. கூடவே மூன்றாவது சரணமும் மறந்தது. வாத்தியங்கள் அதே இடத்தையே சுற்றிச் சுற்றி வாசிக்க, மைக் இருப்பதையும் மறந்து, மெட்டு பிசகாமல், "மொண்டே, தண்ணி எங்க?" என்று கேட்டுவிட்டார்.

ஆல்பம் வந்ததும் அதுவே பாட்டாகிவிட்டது. மொண்டே என்பது கைவிட்டுப் போன கடவுளின் குறியீடு என்று ஒரு விமர்சகர் பத்திரிகையில் இரண்டு பத்தி எழுதினார். கடவுள் அப்போது டயர் தொழிற்சாலையில் ரப்பர் தூக்கிக்கொண்டிருந்தார். ஊரில் குழாய் வறண்ட வருடம் ஊர்வலத்தின் பதாகைகளில் அதே கேள்வி. சவ அடக்கம் முடிந்து, வாசலில் கை கழுவ வைத்திருக்கும் தொட்டியருகே மொண்டேவைக் கண்டால், துக்கப்பட்டவர்களும் ஒரு நிமிடம் துக்கத்தை ஒத்திவைத்துவிட்டு அதையே விசாரிப்பார்கள்.

"நான் என்ன குழாய் ரிப்பேர்காரனா?" என்பார் மொண்டே. அதற்கும் சிரிப்பார்கள்.

இதன் பலனாக, வுயெல்வா பாடும் மேடையில் எவரும் தண்ணீர் வைப்பதில்லை. வைத்தால் பாட்டின் பொருள் கெட்டுவிடுமாம். நிஜமான தாகத்தில் கேட்டாலும் கைதட்டுகிறார்கள். அவரே வீட்டிலிருந்து ஒரு பாட்டில் கொண்டுவந்து, திருட்டுச் சாராயம் போல டபுள் பாஸுக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொள்வார். மூன்றாவது சரணத்தை இதுவரை எந்த மேடையும் கேட்டதில்லை.

இந்த வருடம் அதே விழாவில் அதே பாட்டுகளை மறுபடி பதிவு செய்வதென்று முடிவாயிற்று. மொண்டேவின் விரல் மூட்டுகள் வீங்கிவிட்டன. இந்த விழாவோடு வாசிப்பதை நிறுத்திவிட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அடுப்பில் சோளமும் பயறும் வெந்துகொண்டிருந்தபோது மொண்டே ஒரே ஒரு தடவை கேட்டார்.

"இந்த ஒரு வாட்டியாச்சும் என் பஸ்ஸ வர விடு, வுயெல்வா."

"வரும். சும்மா உக்காரு."

விழாக் குழுத் தலைவர் ஃபிகிலேவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் முகம் இருண்டது. "அக்கா, பஸ்ஸு தெனம் வருது. தண்ணிக்காகத்தான் ஜனங்க வர்றாங்க."

சனிக்கிழமை மத்தியானம், க்ளினிக்கின் நீல மையில் மூன்றாவது சரணத்தின் நான்கு வரியையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வுயெல்வா மேடையேறினார். ஐந்தாவது பாட்டு. இரண்டு சரணம் முடிந்து, மூன்றாவதன் முதல் சொல்லுக்கு வாய் திறந்தார். மைதானமே மொண்டேவிடம் தண்ணீர் கேட்டது. ஒரு சுற்று பொறுத்து மறுபடி தொடங்கினார், மறுபடி கேட்டார்கள். அமைதி வேண்டிக் கையை உயர்த்தினார், அவர்களும் உயர்த்தினார்கள். பதிவு செய்பவர் பிரமாதம் என்று கட்டைவிரலைக் காட்டினார்.

வுயெல்வா பெருமூச்சு விட்டார். அதற்கும் கைதட்டல்.

இரண்டு செருப்பையும் கழற்றிவிட்டு, மைக்கை அதன் தாங்கியிலேயே விட்டுவிட்டு, வெறுங்காலோடு கணவரிடம் நடந்தார். உள்ளங்கையை ஒரு முறை பார்த்துக்கொண்டார். மைதானம் தண்ணீர் கேட்டுக்கொண்டிருக்க, மொண்டேவின் தோளைப் பிடித்து, காதருகே குனிந்து, நான்கு வரியையும் அவசரமில்லாமல் பாடி முடித்தார். பிறகு பின்னாலிருந்த பாட்டிலை எடுத்துத் திறந்து, தான் குடிக்காமல், இரண்டு கையும் தந்தியில் இருந்தவரின் வாயருகே பிடித்தார்.