ஜான்ராஜ் உட்கார்ந்த ஸீட்டு

திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டை வழியாக விருதுநகர் போகும் அந்தத் தனியார் பஸ்ஸில் போய்வந்தவர்கள் இப்போதும் கண்டக்டர் ஜான்ராஜைப் பற்றிப் பேசுவார்கள். பின் படிக்கட்டை ஒட்டி அவருக்கென்று ஒரு ஸீட்டு உண்டு. முதல் பதினாறு வருஷம் அதில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கைப்பிள்ளையோடு யாராவது ஏறினால், "இங்க உக்காரு தாயி" என்பார். அத்தனை வருஷமும் நின்றே ஓடிவிட்டது.

எண்பத்தெட்டாம் வருஷம் இடது கெண்டைக்காலில் நரம்புகள் முண்டும் முடிச்சுமாகப் புடைத்தன. கணுக்காலுக்கு மேலே ஒரு புண் வந்து, எந்தக் களிம்புக்கும் ஆறாமல் நின்றது. காக்கிப் பேண்ட்டுக்குள் மறைத்துக்கொண்டு கொஞ்ச நாள் சமாளித்தார். பிறகு மதுரைக்குப் போனார்.

"நின்னுக்கிட்டே இருந்தா ரத்தம் மேல ஏறத் திணறும்" என்றார் டாக்டர். "அந்தப் பாரம் பூரா ரத்தக்குழாய்ச் சுவரு மேலதான். மெல்லிசான சுவரு, விரிஞ்சு கொடுக்கும். வருஷக்கணக்கா விரிஞ்சது பழையபடி சுருங்காது. ரத்தம் திரும்பக் கீழ இறங்காம உள்ள தடுப்பு உண்டு. சுவரு விரிஞ்சதும் அதுவும் ஒட்டி மூட மாட்டேங்குது."

பாதத்திலிருந்து முழங்கால் வரை கிரேப் பேண்டேஜ் சுற்ற வேண்டும்; காலைத் தூக்கிவைத்து உட்கார வேண்டும். இரண்டு மாதத்தில் புண் ஆறாவிட்டால் பஸ் வேலையை விட்டுவிட வேண்டும்.

"ஊருக்கெல்லாம் இடம் போட்டுக் குடுத்தீகளே, ஒங்க காலுக்குப் போட்டீகளா?" என்று கேட்டுக்கொண்டே பேண்டேஜைச் சுற்றிவிட்டாள் மனைவி இன்பராணி.

அவருக்கோ பஸ்ஸை விட்டால் வேறு வேலை தெரியாது.

மறுநாளும் நின்றுகொண்டுதான் டிக்கெட் கிழித்தார். மூன்றாம் நாள் புண் கசிந்து பேண்ட்டின் கீழ்ப்பக்கம் நனைந்திருந்தது. கொத்தமல்லி விதை மூட்டையோடு மார்க்கெட்டுக்குப் போகிற குருவம்மாள் கண்ணில் அது பட்டுவிட்டது.

"காலுல என்னண்ணே?"

தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"சரிதான், இன்னமுமா நிக்கிறீக? ஏம்மா, நீ இங்கிட்டு வா." கண்டக்டர் ஸீட்டில் இருந்த பெண்ணைப் பிள்ளையோடு தன் பக்கத்தில் இருத்திக்கொண்டாள். மூட்டையை ஸீட்டுக்கு முன்னால் இழுத்துப் போட்டாள். "உக்காந்து இதுமேல காலை வைங்க."

ஜான்ராஜ் பதறினார். "வெள்ளாமை மேல கால் படலாமா தாயி?"

"மார்க்கெட்டுல மூட்டைய ஏறி மிதிச்சு அமுக்கித்தான் வாயைத் தைக்கிறான். ஒங்க காலு பட்டுத்தான் கெட்டுப்போகுதாக்கும்! மிளகா மூட்டையின்னா நானே வேணாம்னிருப்பேன், எரியும்."

பஸ்ஸே சிரித்தது. அவர் கூச்சத்தோடு உட்கார்ந்தார்.

"ஏலே, கண்டக்டர் அண்ணன் உக்காந்துட்டாரு. காசைப் பின்னால கடத்துங்கப்பா!" என்று முன்னாலிருந்து ஒருவன் கத்தினான். கை மாறிக் கை மாறிச் சில்லறை வந்தது, டிக்கெட் போனது. மூட்டை ஏறாத நாளில் காலை வைக்க டிரைவரின் டூல் பெட்டி கிடைத்தது.

இரண்டு மாதம் கழித்து ஜான்ராஜ் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் குருவம்மாள் ஏறினாள். "என்ன சொன்னாக?"

ஜான்ராஜ் பேண்ட்டை மடித்து, பேண்டேஜையும் அவிழ்த்துக் காட்டினார். நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். புண் இருந்த இடம் கறுத்துத் தோல் மூடியிருந்தது.

"நரம்பு அப்படியே இருக்கே?"

"அது இனிமே அப்படித்தானாம். பேண்டேஜைச் சுத்திக்கிட்டு, உக்காந்துகிட்டே வேலை பாக்கலாமாம்."

"அப்ப உக்காருங்க, எனக்கு டிக்கெட்டக் குடுங்க" என்றாள்.