மெர்சி கப்பு ஜெயித்த வருஷம்

வலிக்கிறது என்று வருகிறவரை இன்னும் கொஞ்சம் வலிக்க வைத்துவிட்டு, "இப்ப பரவாயில்லையா?" என்று சிரித்த முகமாகக் கேட்கிற தொழில் பிசியோதெரபி. புதுச்சேரி சாரத்தில் எங்கள் கிளினிக். எங்கள் என்றால் என்னுடையதும் மெர்சியுடையதும். கல்லூரியில் ஒரே பெஞ்ச், கிளினிக்கில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். கூடவே இருந்த ஒருத்தி திடீரென்று உயரப் போய்விட, கீழே நின்று கை தட்டுகிற நிலைமை உங்களுக்கும் வந்திருந்தால் மேலே படியுங்கள். நீங்களும் நானும் சொந்தம்.

காதுகுத்து

கனகசெட்டிக்குளத்தில் என் நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து. என் வீட்டுக்காரர் தாய்மாமன். அவர் மடியில்தான் குழந்தை உட்கார வேண்டும். நான் போகாமல் இருக்க முடியுமா? அன்றைக்குப் பார்த்து ஒரு பிலிப்பைன்ஸ்காரர், கடற்கரைக் கருங்கல் மேல் நின்று படம் எடுக்கப் போய் வழுக்கி, கணுக்கால் வீங்கி ஆட்டோவில் எங்கள் வாசலில் வந்து இறங்கினார். மெர்சி பார்த்தாள். ஊர் திரும்புவதற்குள் அவரை நன்றாக நடக்க வைத்து அனுப்பினாள்.

அவர் மணிலாவில் ஒரு கூடைப்பந்து அணியின் துணைப் பயிற்சியாளர். அந்த நாட்டில் சினிமா நடிகர்களுக்கு இருக்கிற மவுசு கூடைப்பந்து ஆடுகிறவர்களுக்கும் உண்டு. அணிகளும் ஊர்ப் பெயரில் இல்லை, கம்பெனிப் பெயரில். அவருடையது ஒரு பிஸ்கட் கம்பெனி அணி. சில மாதம் கழித்து அங்கிருந்த பிசியோ வேலையை விட்டுவிட, அவருக்கு மெர்சியின் ஞாபகம் வந்தது. விளையாட்டுக் காயங்களுக்கான படிப்பை அவளும் முடித்திருந்தாள், நானும் முடித்திருந்தேன். ஆனால் அவர் கணுக்காலுக்குத் தெரிந்தது அவள் கை மட்டும்தான். ஒரு சீசனுக்கு ஒப்பந்தம். கல்யாணம் கார்த்தி என்று எந்தப் பிடுங்கலும் இல்லாதவள், பெட்டியைக் கட்டினாள்.

அவளைக் காரில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது எங்கள் வரவேற்பு மேஜை புவனா சொன்னாள்: "அக்கா, அன்னிக்கி அண்ணன் மட்டும் போய் மடியில உக்கார வெச்சிருந்தா, இன்னிக்கி இந்தப் பெட்டி உங்க பெட்டி, இல்ல?"

ஆத்தே

மெர்சியின் நோயாளிகளும் என் தலையில் விழுந்தார்கள். வருகிறவர்கள் தங்கள் வலியைச் சொல்வதற்கு முன்னால் அவளைத்தான் விசாரிப்பார்கள். பஞ்சாலை மூடும்வரை நின்றே வேலை பார்த்து முட்டி தேய்ந்த அஞ்சலையம்மா இதில் முதல் ஆள்.

ஒரு நாள் புவனா அவருக்குப் போனில் ஒரு வீடியோ காட்டினாள். பனைமரம் மாதிரி ஒருவன் நொண்டிக்கொண்டே மெர்சியிடம் வருகிறான், "ஆத்தே, ஆத்தே" என்று. மெர்சி அவன் இடுப்பு உயரம்கூட இல்லை. காதைப் பிடிக்காத குறையாக அவனைப் பெஞ்சில் உட்கார வைக்கிறாள். அஞ்சலையம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அது ஆத்தா இல்லம்மா. அவங்க பாஷையில அக்கான்னு அர்த்தம்" என்றேன், கொஞ்சம் அவசரமாகவே.

அஞ்சலையம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அக்காவோ ஆத்தாவோ, நானுந்தான் ரெண்டு வருசமா வந்துனு இருக்கேன், உங்கள அப்படிக் கூப்புடணும்னு எனக்குத் தோணவே இல்லியே டாக்டரம்மா!"

நல்ல வாரங்கள்

சீசன் தொடங்கியதும் பிஸ்கட் கம்பெனி வரிசையாகத் தோற்றது. கேட்டவர்களிடமெல்லாம் "அய்யோ பாவம்" என்று சொன்னேன். சொல்லும்போது வாய்க்குள் கல்கண்டு கரைந்தது. கப்பு ஜெயிக்காவிட்டால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள் என்று மெர்சி சொல்லியிருந்தாள். நான் அவள் கட்டிலுக்குப் புது விரிப்பு வாங்கிப் போட்டேன். அவள் மேல் ஆசையா, பொறாமையா என்று கேட்காதீர்கள். இரண்டும் அந்த ஒரே விரிப்பில்தான் படுத்திருந்தன.

அவர்களுக்கு ராத்திரி ஆட்டம் என்றால் நமக்குச் சாயங்காலம், சரியாக கிளினிக் நேரம். போனை ஜன்னலில் சாய்த்துவைத்துப் பார்த்துக்கொண்டே வேலை செய்வேன். அப்போது சொல்தா தாத்தா வந்துகொண்டிருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். இவருக்குத் தோள்பட்டை இறுகிப்போய்க் கை காதுக்கு மேல் எழும்பாது. சில நாள் அலறுவார், சில நாள் தூங்கியே போவார். காரணம் எனக்குப் புரியவில்லை. அவருக்குப் புரிந்திருந்தது.

ஒரு நாள் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மதாம், மெர்சி டீம் தோக்குற அன்னிக்கி உங்க கை பூ மாதிரி இருக்கு. அது தோத்துனே இருக்கட்டும், நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

நாம எந்தப் பக்கம்

ஆனால் அது ஜெயிக்கத் தொடங்கியது. அரையிறுதிக்குப் போனது. அங்கேயும் ஜெயித்து, மின்விசிறிக் கம்பெனி அணியோடு இறுதிக்கு வந்து நின்றது. புவனா என்னைக் கேட்காமலேயே ஆட்டத்தை வரவேற்பறை டிவியில் போட்டுவிட்டாள். பிள்ளைச்சாவடியிலிருந்து இடுப்பு வலிக்கு வரும் மீனவர் தனகோடி, எந்த வலியும் இல்லாத இரண்டு படகுக் கூட்டாளிகளையும் கூட்டிவந்தார். "வல சின்னது, அடியில ஓட்ட வேற. இதுல என்னாத்த புடிக்கறாங்க?" என்று முதல் நாள் கேட்டவர், மறு வாரம் நடுவரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

நான் மட்டும் மனசுக்குள் மின்விசிறி. அந்த அணியில் ஒருவனைக்கூட எனக்குத் தெரியாது. தெரியாதவர்கள் ஜெயித்தால் நமக்கு ஏன் வயிறு எரியப்போகிறது? இறுதிச் சுற்றில் ஒரு நாள், மணி அடிக்கிற கடைசி நொடியில் மின்விசிறிக்காரன் ஒருவன் தூரத்திலிருந்து எறிந்த பந்து வளையத்துக்குள் விழுந்தது. எண்ணெய்க் கையோடு கதவருகில் நின்றிருந்த நான் படபடவென்று கை தட்டிவிட்டேன். அறையே திரும்பி என்னைப் பார்த்தது.

தனகோடிதான் பொறுமையாக எடுத்துச் சொன்னார்: "டாக்டரம்மா, நாம மஞ்ச சட்ட. நீங்க தட்டுனது நீலச் சட்டைக்கு."

ஒரு போன்

இறுதிச் சுற்றில் நாலு ஆட்டம் ஜெயிக்கிறவர்களுக்குக் கப்பு. ஆளுக்கு மூன்று ஜெயித்து, கடைசி ஆட்டத்தில் வந்து நின்றது. அன்று காலை மெர்சி கூப்பிட்டாள். குரலே சரியில்லை. அணியின் நட்சத்திர வீரனுக்குத் தொடையின் பின்தசை இழுத்துவிட்டதாம். "டீம் டாக்டர் முடிவ என் கையில விட்டுட்டார். கோச் எறக்கியே ஆவணும்ங்கறார். அவனும் ஆடறேன்னு அழுவறான். நடக்குறப்ப வலி இல்லங்கறான். ஓடிட்டு சட்டுனு நிக்கச் சொன்னா மூஞ்சி மாறுது. நீயா இருந்தா என்னாடி பண்ணுவ?"

அவன் ஆடாவிட்டால் அணி தோற்கும். தோற்றால் மெர்சி இங்கே, புது விரிப்பு போட்ட கட்டிலுக்குப் பக்கத்தில். ஆகவே 'உட்கார வை' என்பதுதான் எனக்கு லாபம். சோதனை என்னவென்றால், சரியான பதிலும் அதுதான். இதைச் சொல்லப்போவது என் படிப்பா, என் வயிற்றெரிச்சலா என்று எனக்கே பிடிபடவில்லை. வீடியோ அனுப்பச் சொல்லித் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நிற்கிற ஒவ்வொரு தடவையும் அந்தப் பையனின் தாடை இறுகியது. இன்றைக்கு ஓடினால் அந்தத் தசை கிழியும். கூப்பிட்டுச் சொன்னேன்: "மூஞ்சி மாறுதுன்னா உக்கார வை. கோச் கத்தட்டும். கால் அவருது இல்ல."

மெர்சி சொன்னாள்: "நானும் அதான் நெனச்சேன், ஆனா நீ சொன்னப்புறம்தான்டி எனக்குத் தொண்டையில சத்தம் வருது."

தூக்கிய கை

நட்சத்திரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. அவன் இடத்தில், அதுவரை தண்ணீர்ப் பாட்டில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு மாற்று ஆட்டக்காரன் இறங்கினான். எறிந்ததெல்லாம் விழுந்தது. நான் என்ன செய்ய? என் அறிவுரையால் உட்கார்ந்தவனுக்குப் பதிலாக வந்தவன் என் கண் முன்னால் மெர்சியின் ஒப்பந்தத்தை ஒவ்வொரு பந்தாகப் புதுப்பித்துக்கொண்டிருந்தான்.

பிஸ்கட் கம்பெனி ஜெயித்தது. ஆறரை அடி ஆட்கள் மெர்சியைத் தோளில் தூக்க, அவள் கையில் கப்பு. வரவேற்பறையில் புவனா அழுதாள். அஞ்சலையம்மா முட்டியை மறந்து குதித்தார். சொல்தா தாத்தா "பிராவோ!" என்று கத்திக்கொண்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார். இரண்டு கையையும்! நான் மாதக்கணக்கில் அழுத்தி, இழுத்து, கெஞ்சி, காதைத் தாண்டாத கை.

அவரும் அதை அண்ணாந்து பார்த்தார். "பாத்தீங்களா மதாம், நீங்க இத்தினி நாளா தூக்க முடியாத கைய, மெர்சி மதாம் அங்க இருந்துனே தூக்கிட்டாங்க!"

விடுமுறை

மெர்சி விடுமுறைக்கு வந்தாள். படம் எடுத்துக்கொள்ள வாசல்வரை வரிசை நின்றது. நான் வரிசையை ஒழுங்குபடுத்தினேன். எல்லாரும் போன பிறகு அவள் போய்ப் புது விரிப்பில் குப்புறப் படுத்தாள். பனைமரங்களைத் தாங்கித் தாங்கி இடுப்பு கல்லாக இருந்தது. அழுத்த ஆரம்பித்தேன். எந்த ஆட்டமும் ஓடவில்லை, ஆனாலும் என் கை பூ மாதிரியும் இல்லை, இரும்பு மாதிரியும் இல்லை. பன்னிரண்டாவது அழுத்தலிலோ என்னவோ அவள் மூச்சு சீரானது. "அங்க யாருடி உனக்குப் பாக்கறது?" என்றேன். "யாரும் இல்ல" என்றாள். இனி இவள் எங்கே போகப்போகிறாள் என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன்.

அவள் தலையணையிலிருந்து முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்: "அதனாலதான் அவங்ககிட்ட கேட்டிருக்கேன், அடுத்த சீசனுக்கு நடுவுல எனக்கு ஒரு வாரம் லீவு வேணும், புதுச்சேரில ஒரு நல்ல பிசியோ இருக்கா, அவகிட்ட காட்டிட்டு வரணும்னு."

உடம்பில் இத்தனை தசைகளை வைத்த கடவுள் பொறாமைக்கென்று தனியாக ஒன்றையும் வைத்திருந்தால், அந்த ஒரு சீசனில் நான் அதற்குக் கொடுத்த பயிற்சிக்கு எனக்கும் யாராவது ஒரு கப்பு கொடுத்திருப்பார்கள்.