மூன்று பெயர்க் குடும்பம்

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, நாங்கள் ஒரே குடும்பம்தானா என்று டென்மார்க்கில் ஒரு சந்தேகம் கிளம்பியது. அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் காது சூடாகிவிடும்.

அப்போது இக்காஸ்ட் என்ற சின்ன நகரத்தில் நானும் அப்பாவும் மட்டும்தான் இருந்தோம். அப்பா ஒரு பின்னல் உடுப்புத் தொழிற்சாலையில் வேலை செய்தார். ஊரில் ஆமிக்காரர் ஆண்களைப் பிடித்துக்கொண்டு போன நாட்களில் அவர் வெளிக்கிட்டபோது, ஷெல்லடிக்குப் பயந்து என்னையும் அவரோடு அனுப்பிவைத்தாள் அம்மா. அவளுக்கு அப்போது எட்டாம் மாதம். அந்த வயிற்றோடு எல்லை எல்லையாக அலைய முடியாது. அகதி அந்தஸ்துக் கிடைத்தால் மனைவி பிள்ளைகளைக் கூப்பிடலாம், அது சட்டத்திலேயே இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தஸ்துக் கிடைத்தது. அப்பா விண்ணப்பம் போட்டார். இதற்கிடையில் தம்பி பிறந்தான், பல் முளைத்தது, நடந்தான், அவனுக்குக் கொப்பளிப்பான் வந்து மாறியது. இவ்வளவும் எங்களுக்கு நீல நிற வான்கடிதங்களில்தான் நடந்தன.

எங்கள் பெயர்களில் ஒரு சிக்கலும் இல்லை. அப்பாவின் பெயர் பரமலிங்கம். அவருடைய தகப்பனார் ஆறுமுகம். அம்மாவின் தகப்பனார் கந்தையா. ஒவ்வொருவரும் தன் பெயரோடு தகப்பன் பெயரையும் வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஆனால் இந்த நாட்டில் வந்திறங்கிய அன்று பொலிஸ்காரர் ஒருவர், “பின்பெயர் என்ன?” என்று கேட்க, அப்பா மரியாதையாகத் தன் தகப்பனாரின் பெயரைச் சொன்னார். அன்றோடு அவர் திரு. ஆறுமுகம் ஆகிவிட்டார். நான் என் பிறப்புச் சான்றிதழின்படி பரமலிங்கம். அம்மாவின் கடவுச்சீட்டு அவளுடைய பிறப்புச் சான்றிதழின்படி எடுத்தது. அதில் அவள் கந்தையா.

தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் இயந்திரச் சத்தத்துக்கு மேலால் “ஆறுமுகம்! ஆறுமுகம்!” என்று கத்துவாராம்.

“செத்துப்போன மனிசனை நாள் முழுக்க வேலைக்குக் கூப்பிடுறாங்கள் பிள்ளை” என்று அப்பா சிரிப்பார்.

விண்ணப்பம் என்ன ஆனது என்று கேட்க ஒரு நாள் அலுவலகத்துக்குப் போனோம். மொழிபெயர்க்க நான்தான். என் டேனிஷ் அதற்குள் அப்பாவுடையதை எங்கேயோ விட்டுவிட்டு ஓடியிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்மணி கெட்டவர் அல்ல. எனக்கு ஒரு இனிப்புக்கூடத் தந்தார். பிறகு பென்சில் நுனியால் தாள்களில் ஒவ்வொரு பெயராகத் தொட்டார்.

“இவர் ஆறுமுகம். நீ பரமலிங்கம். மனைவி என்று போட்டிருக்கும் பெண் கந்தையா. ஒரு குடும்பத்துக்கு மூன்று பின்பெயர்கள்.” கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். “இவர் உன்னுடைய அப்பாதானா?”

வாயில் கிடந்த இனிப்பு எனக்குக் கசந்தது. அந்தக் கேள்வியை நான் அப்பாவுக்கு மொழிபெயர்க்கவில்லை. “பேருகள் வேற வேறயாக் கிடக்காம்” என்று மட்டும் சொன்னேன். அப்பா சிரித்த முகத்தோடு எங்கள் வழக்கத்தை விளக்கினார். நான் அதை டேனிஷில் சொன்னேன். பெண்மணி எதையோ குறித்துக்கொண்டு ஒரு புதிய படிவத்தை நீட்டினார். எல்லோருடைய முழுப் பெயர்களையும் உறவுகளையும் திரும்பத் தெளிவாக எழுதிக் கொண்டுவர வேண்டுமாம். அப்பா குனிந்து குனிந்து மூன்று தரம் நன்றி சொன்னார்.

வெளியில் வந்ததும் வெடித்தேன்.

“ஏனப்பா சிரிச்சனீங்கள்? அவ என்ன கேட்டவ எண்டு தெரியுமோ?”

“தெரியும். அப்பா எண்டதுக்கு டேனிஷில என்ன சொல் எண்டு எனக்கும் தெரியும் பிள்ளை.”

“அப்ப ஏன் பேசாமல் இருந்தனீங்கள்?”

“என்ன செய்யச் சொல்லுறாய்? சண்டை பிடிக்கவோ?” என்று கேட்டுவிட்டு, என் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டார்.

அந்தப் படிவம் சமையலறை மேசையில் கிடந்த கிழமையில்தான், பள்ளிக்கூடத்தில் சரித்திர ஆசிரியை எங்களுக்குப் பின்பெயர்களைப் பற்றிப் பாடம் எடுத்தார். வகுப்பில் பாதிப்பேர் யென்சன், நீல்சன், ஹான்சன். அவற்றில் அவருக்குச் சுவாரசியம் இல்லை. அவர் காத்திருந்தது கென்னத்துக்காக. கென்னத்தின் பின்பெயர் ஹோல்த்வெய்ட். டென்மார்க் முழுவதிலும் அந்த ஆங்கிலப் பெயர் அவர்கள் ஒரு வீட்டுக்கு மட்டும்தான் இருந்தது. அதை ஆராய்வதே அவனுடைய தகப்பனாருக்குப் பொழுதுபோக்கு. வெள்ளிக்கிழமை அவரையே வகுப்புக்கு அழைத்துவந்தார்கள்.

உயரமான, கூச்ச சுபாவமுள்ள மனிதர். பின்னல் இயந்திரங்கள் திருத்துகிறவர். கையோடு கொண்டுவந்த இங்கிலாந்து வரைபடத்தைக் கரும்பலகையில் ஒட்டினார். வடக்கில் ஒரு பள்ளத்தாக்கில் மட்டும் சிவப்புப் புள்ளிகள் கடுகு கொட்டியதுபோல் நெருங்கிக் கிடந்தன.

“த்வெய்ட் என்றால் காட்டை வெட்டித் திருத்திய நிலம்” என்றார். “நம்முடைய நெஸ்ட்வெட் என்ற ஊர்ப் பெயரின் வாலில் இருப்பதும் இதே சொல்தான். ஆயிரம் வருடங்களுக்கு முன் இந்தப் பக்கத்திலிருந்து கப்பலில் போனவர்கள் அங்கே விட்டுவிட்டு வந்தது. ஹோல்த்வெய்ட் என்றால் பள்ளத்தில் இருக்கும் திருத்திய நிலம். அந்த நிலத்தில் இருந்தவர்களுக்கு அதுவே பெயராகிவிட்டது.”

சிவப்புப் புள்ளிகள் பழைய காலத்தவை. பிறகு பஞ்சாலைகள் வந்ததும் பள்ளத்தாக்குச் சனங்கள் ஆலை நகரங்களுக்கு இறங்கினார்கள். அவர்களுக்கு நீலப் புள்ளிகள். வேலை பறிபோனவர்கள் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். அவர்களுக்குப் பச்சைப் புள்ளிகள், இன்னொரு தாளில். இன்றைக்கு ஆஸ்திரேலியாவில்தான் அந்தப் பெயர்க்காரர் அதிகம், பிறந்த பள்ளத்தாக்கில் ஒருவர்கூட இல்லை என்று அவர் சொன்னபோது, வகுப்பில் ஒரு சின்னப் பெருமூச்சு எழுந்தது. கென்னத்தின் முப்பாட்டனார் பின்னல் இயந்திரங்களைப் பொருத்தவென்று இங்கே வந்தவர். இங்கேயே கலியாணம் முடித்துத் தங்கிவிட்டார்.

“இங்கேயிருந்து போன சொல், திரும்பி இங்கேயே வந்திருக்கிறது!” என்று ஆசிரியை கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். நானும் தட்டினேன். நல்ல கதைதானே.

அப்போது அவர் ஒரு தாளைக் காட்டினார். தேவாலயப் பதிவேட்டின் பிரதி. முப்பாட்டனாரின் கலியாணத்தில் பெயர் ஹோல்த்வெய்ட். மூத்த மகனின் ஞானஸ்நானத்தில் ஹோல்த்வேட். இளைய மகளுக்கு ஹோல்ட்வெட். குருவானவருக்கு ஆங்கிலம் தெரியாது, காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார் என்று சொன்னதும் வகுப்பு சிரித்தது.

நான் கையைத் தூக்கினேன்.

“மூன்று விதமாக எழுதியிருக்கிறதே. அவர்கள் ஒரே குடும்பம் என்று எப்படித் தெரியும்?”

அவர் சிரித்தார். “எழுதுகிறவர் பிழை விட்டால் பிள்ளைக்குத் தகப்பன் மாறிவிடுவாரா?”

நான் எழும்பி நின்றது எனக்கே தெரியாது. கதிரை பின்னால் விழுந்தது.

“எங்களுக்கு மட்டும் ஏன் மாறுகிறார்?” என்று கத்தினேன். “எங்கள் தாளில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. என் அப்பா என் அப்பாதானா என்று என்னிடமே கேட்டார்கள். உங்களிடம் யாராவது கேட்டார்களா? கென்னத்திடம் கேட்டார்களா?”

“அது வேறு விஷயம், உட்கார்” என்றார் ஆசிரியை. எது வேறு விஷயம் என்று அவர் சொல்லவில்லை. நான் உட்காரவும் இல்லை, கதிரைதான் கீழே கிடந்ததே. கென்னத்தின் தகப்பனார் வந்து அதை நிமிர்த்தி வைத்தார். காது நுனிவரை சிவந்திருந்தார்.

“நாங்களும் முன்பு உங்களைப் போலத்தான்” என்றார் மெதுவாக. “யென்ஸ் என்பவரின் மகன் யென்சன். அந்த மகனின் பெயர் நீல்ஸ் என்றால் அவனுடைய பிள்ளை நீல்சன். தலைமுறைக்குத் தலைமுறை மாறும். பிறகு அரசாங்கம், ஏதாவது ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு அதோடேயே இருங்கள் என்றது. பிடித்துக்கொண்டோம்.”

நல்ல மனிதர், என்னைச் சமாதானப்படுத்தத்தான் அதைச் சொன்னார். எனக்கோ அது யோசனை சொன்னதுபோல் கேட்டது.

மறுநாள் காலை அப்பா இரவு வேலை முடிந்து வந்து படுத்துவிட்டார். நான் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு குத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும், எழுதினேன் என்று சொல்ல முடியாது. உங்களுக்கு ஒரே பெயர்தானே வேண்டும், இந்தாருங்கள் என்று பேனையை அழுத்தி, அம்மாவுக்கு ஆறுமுகம், தம்பிக்கு ஆறுமுகம், எனக்கும் ஆறுமுகம் என்று பெரிய எழுத்தில் போட்டேன். என்னுடைய பெயரிலிருந்து அப்பாவை எடுத்துவிட்டேன் என்பது எனக்கு உறைக்கவில்லை. அப்பா எழும்பி, தேத்தண்ணியைக் குடித்தபடி நான் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டார். என் டேனிஷை அவ்வளவு நம்பியிருந்தார்.

ஐந்து கிழமை கழித்துப் பதில் வந்தது. விண்ணப்பத்தில் உள்ள பிள்ளையும் பிறப்புச் சான்றிதழில் உள்ள பிள்ளையும் ஒருவர்தானா? கடவுச்சீட்டில் உள்ள பெண்ணும் விண்ணப்பத்தில் உள்ள மனைவியும் ஒருவர்தானா? விளக்கம் தேவை.

நான் வாசிக்க வாசிக்க அப்பாவின் முகம் மாறியது.

“இது ஆர் எழுதினது?”

“நான்தான். எல்லாருக்கும் ஒரே பேர் இருந்தா விடுவினம் எண்டு நினைச்சன்.”

அவர் ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு, “அம்மாவுக்கு இதை எழுதாதை” என்று மட்டும் சொன்னார்.

திரும்பவும் அதே மேசை, அதே பெண்மணி. நான் வாயைத் திறக்குமுன் அப்பா தன்னுடைய உடைந்த டேனிஷில், “என் பிழை. நான். என் பிழை” என்றார். சொல்லிவிட்டு அன்றும் சிரித்தார். எனக்கு அந்தப் பெண்மணி மீதும் கோபம், அந்தச் சிரிப்பின் மீதும் கோபம். எல்லாவற்றையும்விட என் மேல்தான் கோபம். தாள்களைத் திருத்தி மேலே அனுப்புவோம், காலம் எடுக்கும் என்றார் பெண்மணி.

காலம் எடுத்தது. அம்மாவும் தம்பியும் வந்து இறங்கியபோது தம்பிக்கு மூன்றரை வயது. விமான நிலையத்தில் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, “இந்த மாமா ஆர்?” என்று கேட்டான். அப்பா அவனுக்கு முன்னால் முழங்காலில் இருந்தபடி, அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான்தான் காரணம் என்று எனக்குள் தீர்ப்பாகிவிட்டது. நான் அந்த மூன்று பெயர்களை மாற்றி எழுதியிராவிட்டால் அவன் தகப்பனைத் தெரியாத பிள்ளையாக வந்திருக்கமாட்டான். இதை நான் அம்மாவிடம் சொல்லவே இல்லை.

நான் உயர்தர வகுப்பில் சேர்ந்திருந்த குளிர்காலத்தில்தான் எல்லாம் வெளியே வந்தது. எங்களைப் போன்ற தமிழ் அகதிகளின் விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாகக் கிடப்பில் போட்டுவைக்கும்படி நீதியமைச்சரே சொல்லியிருக்கிறார். விசாரணை அறிக்கை வந்தது, அரசாங்கமே விழுந்தது. தொலைக்காட்சியில் அதைச் சொன்னபோது நான் எழும்பி நின்று, டேனிஷிலும் தமிழிலும் எனக்குத் தெரிந்த எல்லா வசைச் சொற்களையும் சொன்னேன். வீட்டில் ஒருவரும் என்னைத் தடுக்கவில்லை. சரியாக எழுதிய தாளும் பிழையாக எழுதிய தாளும் ஒரே குவியலில்தான் கிடந்திருக்கின்றன. பெயர்களைப் பற்றி என்னைக் கேள்வி கேட்டவர்களுக்கு மேலே இருந்தவர்களுக்கு எங்கள் பெயர்கள் தேவையாகவே இருக்கவில்லை. ஐந்து வருடமாக ஒரு பிள்ளை அந்தப் பழியைச் சுமந்தது. அதற்கு எந்த அறிக்கையிலும் ஒரு வரி இல்லை.

இதில் என்னால் இன்றுவரை ஆற முடியாதது ஒன்று உண்டு. நாங்கள் காத்திருந்த அந்த நாட்களில் பிரெடெரிசியா நகரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வருவார். மன்னார்க் கத்தோலிக்கர், பெர்னாண்டோ அண்ணை. அவரும் ஊரில் இருந்த குடும்பத்தைக் கூப்பிட விண்ணப்பம் போட்டிருந்தார். அவருடைய தகப்பனும் பெர்னாண்டோ, மனைவியும் பெர்னாண்டோ, பிள்ளைகள் இரண்டும் பெர்னாண்டோ. அவர் அப்பாவிடம் தன் தாள்களைக் காட்டிக் கதைக்கும்போது, பக்கத்தில் நின்று அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பேன். எவ்வளவு ஒழுங்கான குடும்பம், இவர்களை நாளைக்கே விட்டுவிடுவார்கள் என்று எனக்குப் பொறாமையாக இருக்கும். அந்தப் பொறாமையில் அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுக்கவும் மனம் வராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தாள்கள் இல்லாமல் வந்து, கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனார். அவருடைய மூத்த மகன் ஊரில் குண்டுவீச்சில் செத்துப்போனான் என்று அப்பா பிறகு சொன்னார். விண்ணப்பம் போட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. நான் அழுதேன். ஆனால் அழும்போதும், எல்லோருக்கும் ஒரே பெயர் இருந்தும் அந்தப் பையன் ஏன் இன்னும் அங்கேயே இருந்தான் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.